கார்பன் கணக்கு கேட்கிறார்களா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்னதாக சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் சுமார் 6,000 யூனிட் கரண்ட், ஜெனரேட்டருக்கு 100 லிட்டர் டீசல் ஆகிறது. 9 டன் ஸ்டீல் பார்ட்ஸ் வெளியே போகிறது. நாங்கள் சப்ளை செய்யும் கம்பெனி ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்வதால், தயாரிப்பில் எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது என்ற கார்பன் கணக்கு கேட்டு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கன்சல்டன்ட், ஒன்றரை லட்சம் கொடுத்தால் 'கார்பன் நியூட்ரல்' சர்ட்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சோலார் போட்டால்தான் ஐரோப்பிய வரியிலிருந்து தப்பலாம் என்றும் பயமுறுத்துகிறார். இன்னொரு மெஷின் வாங்கும் யோசனையில் இருக்கிறேன், அதை விட்டுவிட வேண்டுமா ஐயா?

பதில்: மெஷினை வாங்குங்கள். சர்ட்டிபிகேட்டை வாங்காதீர்கள்.

உங்களிடம் கேட்டிருப்பது கணக்கு. அவர் விற்க வருவது காகிதம். எங்கேயோ நட்ட மரத்தின் பெயரில், கார்பனை ஈடுகட்டியதாகக் காட்டும் கிரெடிட் வாங்கி அதை உங்கள் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் கஸ்டமரின் ஷீட்டில் அதை நிரப்ப ஒரு கட்டம்கூட இருக்காது. கணக்கை நீங்களே போடலாம். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் இந்த எண்ணை வெளியிடுகிறது. அதை கரண்ட் பில்லின் அடியில் ஒரு வரியாக அச்சடித்தால் பாதி கன்சல்டன்ட்டுகளுக்கு வேலை போய்விடும், ஆனால் யாருக்கும் அது தோன்றவில்லை. டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. ஆக உங்கள் மாதக் கணக்கு 4,200 கூட்டல் 270, அதாவது சுமார் நாலரை டன். 9 டன் பார்ட்ஸுக்கு வகுத்தால் கிலோவுக்கு அரை கிலோ.

இப்போது புது மெஷின் வருகிறது, கரண்ட் 6,600 யூனிட் ஆகிறது, உற்பத்தி 12 டன் ஆகிறது என்று வையுங்கள். மொத்தப் புகை, அதாவது கார்பன் டை ஆக்ஸைடு, கொஞ்சம் கூடும், ஆனால் கிலோவுக்கு 0.41 ஆகக் குறைந்துவிடும். பெரும்பாலான கஸ்டமர்கள் பார்ப்பது இந்தக் கிலோ கணக்கைத்தான். இந்தியாவே உலகத்துக்குக் கொடுத்த வாக்கும் இந்த மாதிரிதான்: 2005-ஐ ஒப்பிட்டு, ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வரும் புகையை 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பது.

அடுத்து அந்த ஐரோப்பிய வரி. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிபாம் என்கிற இந்த எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது. கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர், நீங்கள் இல்லை. அவருக்கும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 50 டன்னைத் தாண்டினால்தான். போல்ட், நட் போன்றவை இதில் வரும், மெஷின் பாகம் என்ற எச்எஸ் கோடில் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) போகும் சரக்கு இப்போதைக்கு வராது. அதனால் எந்தக் கோடில் அனுப்புகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் சிபாம் கணக்கில் மின்சாரப் புகையைச் சேர்ப்பதே இல்லை, நேரடியாக எரிப்பதும் மூலப்பொருளின் புகையும்தான் சேரும். அப்படியென்றால் உங்கள் கூரையில் எத்தனை பேனல் மாட்டினாலும் இந்த வரியில் ஒரு பைசா குறையாது. சுமை முழுக்க நீங்கள் வாங்கும் ஸ்டீல் கம்பியில் இருக்கிறது. இந்திய ஸ்டீலில் டன்னுக்கு சராசரியாக இரண்டரை டன் புகை, உங்கள் பட்டறையின் பங்கைப் போல ஐந்து மடங்கு. எந்த ஆலையில் உருக்கியது, எந்த ஹீட் நம்பர் (ஒரு தடவை உருக்கிய ஸ்டீலுக்குத் தரும் எண்) என்று காட்டும் மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டை டீலரிடம் ஒவ்வொரு லாட்டுக்கும் கேட்டு வாங்கி ஃபைலில் போடுங்கள். தர மறுக்கிற டீலரை மாற்றுங்கள். டன்னுக்கு 2.2 டன் புகைக்குக் கீழே இருந்தால் பசுமை ஸ்டீல் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் வரையறுத்துவிட்டது, அப்படிப்பட்ட சரக்கு கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கஸ்டமர் தன் சொந்தக் கணக்குக்காக உங்கள் கரண்டையும் கேட்பார், அங்கே அது உதவும், பில்லும் குறையும். ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். ஆனால் "78,000 ரூபாய் மானியம் இருக்கு சார்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். அந்த பிஎம் சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டும். கரண்டை மிச்சப்படுத்தும் 'பவர் சேவர்' டப்பா விற்பவனும் அதே ரகம்தான்.

செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது, கம்ப்ரஸர். மதிய சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். யாருமே காற்று எடுக்காத நேரத்தில் அது திரும்பத் திரும்ப லோட் எடுத்தால் எங்கேயோ கசிகிறது. கவனிக்காத பட்டறைகளில் காற்றில் 20, 30 சதவீதம் இப்படியே போவது சகஜம். சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைப் பிடியுங்கள், ஹோஸ், கப்ளிங்கை மாற்றுங்கள். 7 பாரில் ஓட்டுவதை 6-க்கு இறக்கினாலும் வேலை நடக்கிறதா என்று பாருங்கள், நடந்தால் கம்ப்ரஸர் கரண்டில் ஆறேழு சதவீதம் மிச்சம். அதன் பிறகு சோலார் போட்டால் சின்ன சைஸே போதும்.

கஸ்டமர் அனுப்பிய ஷீட்டைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி ஷீட் அனுப்புகிறது, பத்து பேர் வேலை செய்யும் பட்டறையில் இதை நிரப்ப யார் இருக்கிறார்கள் என்று அனுப்புகிறவர்கள் யோசிப்பதே இல்லை. பன்னிரண்டு மாத கரண்ட் பில், டீசல் ரசீது, அனுப்பிய எடை, மில் சர்ட்டிபிகேட் நகல், இவ்வளவையும் இணைத்து அனுப்பிவிட்டு, மீதிக் கட்டங்களை அவர்களுடைய குவாலிட்டி ஆளிடமே கேட்டு நிரப்புங்கள். காசு கொடுத்து யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். கட்டணம் பேசும் முன் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள்.