கூப்பிட்டால் திரும்புகிறான், பிறகென்ன? குழந்தைகளின் செவித்திறன்: கேள்வி பதில்

பினாங்கில் குழந்தைகளின் செவித்திறனைச் சோதித்துவரும் ஆடியோலஜிஸ்ட் ஒருவர், பெற்றோர் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

பட்டர்வொர்த் தாய்: மகனுக்கு ஒன்றரை வயது. பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினால் உடனே திரும்புகிறான். ஆனால் பேச்சு "மா", "பா" என்பதோடு நிற்கிறது. காதில் குறை இருக்குமா?

இருக்கலாம். தட்டின் ஓசை மிக உரத்தது. தவிரவும், உங்கள் நிழலையோ தரையின் அதிர்வையோ உணர்ந்தும் பிள்ளை திரும்பும். குறை எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், "மா" நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கு உயர்ந்த சுருதியில், 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும் "ஸ்" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமலே போகலாம்.

இந்த வயதில் வெளியோசை புகாத அறையில், தாயின் மடியில் வைத்தே சோதிப்போம். பக்கவாட்டு ஒலிபெருக்கியில் ஓசை வந்ததும் பிள்ளை திரும்பினால், இருண்ட பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மைக் கரடி மத்தளம் கொட்டும். பிறகு ஓசையைப் படிப்படியாகக் குறைத்து, எந்த டெசிபல் வரை திரும்புகிறது என்று குறித்துக்கொள்வோம். கரடியைக் கண்டு வீறிட்டு அழும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வேறு பொம்மை. பெரிய தொல்லை என்னவோ பெரியவர்களால்தான்: ஓசை கேட்டதும் தாயின் தொடை சற்றே அசைந்தாலும் போதும், பிள்ளை அதை வைத்தே திரும்பிவிடும்.

பிறை தந்தை: கடுமையான மஞ்சள் காமாலையால் மகள் இரண்டு வாரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். காதுச் சோதனையில் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அது போதுமா?

எந்தச் சோதனை என்று முதலில் கேளுங்கள். ஓஏஇ, உட்செவியின் மயிரணுக்கள் திருப்பி எழுப்பும் மெல்லொலியைப் பதிவு செய்வது. அதற்கு அப்பாலுள்ள நரம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. காமாலை கடுமையானால் மயிரணுக்கள் நலமாக இருக்க, நரம்பு வழி மட்டும் பாதிக்கப்படக்கூடும். ஆகவே தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு, தலையில் மின்முனைகளை ஒட்டி நரம்பின் மறுமொழியைப் பார்க்கும் ஏபிஆர் அவசியம். முதல் மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. ஏபிஆர் முடியும்வரை குழந்தை தூங்கவேண்டும். பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது காரிலேயே தூங்கிவிட்டால் இங்கு வந்ததும் விழித்துக்கொள்ளும். பசியோடு கொண்டுவந்து, இங்கேயே பால் கொடுங்கள்.

ஜார்ஜ்டவுன் பாட்டி: வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம். பேரன் பேசாததற்கு இதுதானே காரணம்?

இல்லை, அம்மா. காதைச் சோதிக்காமல் மொழிகள்மேல் பழி போடாதீர்கள்.

ஜெலுத்தோங் தாய்: முதலாம் ஆண்டு படிக்கும் மகளுக்குச் சளி பிடித்தால் காது மந்தமாகிறது. ஆசிரியர் கவனமில்லை என்கிறார்.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கலாம். காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்க்கும் டிம்பனோமெட்ரியில், மேடாக எழவேண்டிய கோடு தட்டையாகக் கிடந்தால் பெரும்பாலும் அதுதான். பலருக்கு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் காது மூக்கு தொண்டை நிபுணர் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதைப் பற்றிப் பேசுவார். அதுவரை மின்விசிறியின் இரைச்சலிலிருந்து தள்ளி, முன்வரிசையில் அமர்த்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.