கொரோனா டைம்ல போட்ட 2000 யார் யாருக்குப் போச்சு, பாக்க முடியுமா?

அலங்காநல்லூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "லாக்டவுன்ல விவசாயிக்கு 2000 ரூபா போட்டாங்கள்ல, நான் குத்தகை நிலத்துல மல்லி போட்டிருந்தேன், மார்க்கெட் மூடி பூவெல்லாம் செடியிலயே காஞ்சு போச்சு, எனக்கு ஒத்த ரூபா வரல. ஆனா ஒரு சென்ட் நிலம் இல்லாதவருக்கு வந்திருக்கு. யாருக்கெல்லாம் போச்சுன்னு கேக்கலாமா?"

தாராளமா கேக்கலாம் தம்பி, அது நம்ம வரிக்காசு. அழகர் ஆத்துல இறங்காத அந்த வருஷத்துல பூ விவசாயி பட்ட பாட்ட நானும் பாத்தவன்தான்.

முதல்ல ஒண்ணு, அது கொரோனாவுக்குன்னு தனியா குடுத்த பணமே இல்ல. 2019ல வந்த பிஎம் கிசான் திட்டத்துல வருஷத்துக்கு 6000, மூணு தவணையா வரும்ல, அதுல ஒரு தவணைய ஏப்ரல்லயே போட்டுடுறோம்னு 2020 மார்ச் 26 அன்னைக்கு நிர்மலா சீதாராமன் அறிவிச்சாங்க, 8.7 கோடி விவசாயிகளுக்குன்னு. எப்படியும் வர வேண்டிய காசு கொஞ்சம் முன்னாடி வந்துச்சு, அவ்வளவுதான். பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் இந்தத் திட்டம், குத்தகைக்காரருக்குக் கிடையாது. வெயில்ல நின்னு பாடுபடுறவர விட்டுட்டு பட்டாவ மட்டும் பாக்குறது பெரிய அநியாயம்னுதான் நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

நிலமே இல்லாதவருக்கு எப்படி வந்துச்சுன்னா, 2020 ஆகஸ்ட்ல வெளிய வந்த முறைகேடு ஞாபகம் இருக்கும், அதிகாரிங்க லாகின், பாஸ்வேர்டெல்லாம் புரோக்கர் கைக்குப் போயி தகுதி இல்லாத அஞ்சு லட்சத்துக்கும் மேல பேர சேத்துட்டாங்க, சுமார் 110 கோடி போச்சுன்னு அரசே சொல்லுச்சு, சிபிசிஐடி விசாரிச்சாங்க. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம்தான் ரொம்ப. அதுல நிறைய பேரு, கொரோனா பணம் வருதுன்னு யாரோ சொன்னத நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் குடுத்த ஏழைங்க, அதனால உங்க ஊர்க்காரர் வாசல்ல போயி சண்டைக்கு நிக்காதீங்க, லிஸ்ட்ட கேளுங்க.

பிஎம் கிசான் வெப்சைட்டுல பயனாளிகள் பட்டியல்னு ஒரு பகுதி இருக்கு, மாநிலம், மாவட்டம், பிளாக், கிராமம்னு தேர்ந்தெடுத்தா பேரு வந்துரும், யாரும் பாக்கலாம். ஆனா உங்களுக்கு வேண்டியது 2020 கணக்கு, அதுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுறதுதான் சரி. மதுரை வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகம், பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாள்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க. "எங்க கிராமத்துல 2020 ஏப்ரல்–ஜூலை தவணை வாங்கினவங்க பேர், தொகை, தகுதி இல்லன்னு நீக்கினது எத்தனை பேர், திரும்ப வசூலானது எவ்வளவு"ன்னு கேளுங்க. பேங்க் நம்பர், ஆதார் நம்பர் கேக்காதீங்க, அது அவங்க சொந்த விஷயம், கேட்டீங்கன்னா அதையே காரணமா வச்சு மொத்தத்தையும் மறுத்துருவாங்க. மானியம் வாங்குறவங்க விவரத்த அரசு தானாவே வெளியிடணும்னு சட்டத்துல 4(1)(பி) பிரிவுல இருக்கு, அதையும் மனுவுல எழுதிருங்க. அப்படியும் பேர் தர மாட்டோம்னா எண்ணிக்கையும் தொகையுமாவது வாங்குங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சுரும்.

30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடணும், அதனால மனுவ ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, அது போய்ச் சேந்த தேதிக்கான அத்தாட்சிய வாங்கி பத்திரமா எடுத்து வைங்க.