தேன் ஊற்றினால் பியர் இனிக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆகஸ்டில் அக்கா வீட்டுக்கு ரொறன்ரோ போகிறேன். அத்தான் பியர் காய்ச்சும் சாமான்கள் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, நான் வந்ததும் தேன் போட்ட கோதுமை பியர் செய்வோம் என்கிறார். அவருக்கும் இதுதான் முதல் தடவை. அவர் அனுப்பிய கணக்கு: 20 லீற்றருக்கு 2 கிலோ கோதுமை மோல்ட் தூள் (முளைகட்டிய தானியத்தின் சாற்றை உலர்த்திய தூள்), 2 கிலோ தேன், கறுவா, தோடம்பழத் தோல், கொத்தமல்லி, இஞ்சி. எல்லாவற்றையும் தேனோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் கொதிக்க வைப்பதாம். நல்ல இனிப்பாக வருமா? போவதற்கு முன் இங்கே சின்ன அளவில் ஒத்திகை பார்க்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஒத்திகை வேண்டாம் தம்பி. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம், விருந்தாளிக்குத்தான் செய்தோம் என்று மதுவரித் திணைக்களத்துக்காரரிடம் சொல்லிப் பார்க்கவும் வேண்டாம். ஒன்ராறியோவில் 19 வயது ஆனவர் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் செய்யலாம், விற்கக்கூடாது, அவ்வளவுதான். சட்டத்தை விட்டாலும் கொழும்புச் சூடு இதற்குச் சரிவராது. இந்தப் பியருக்குப் போடுகிற ஈஸ்ட் கேட்பது 18 முதல் 20 பாகை செல்சியஸ், நம் வீடுகளில் இரவிலேயே 27, 28 இருக்கிறது, நொதிக்கும்போது ஈஸ்ட் தானும் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூட்டில் வருகிற பியரில் தின்னர் மணம்தான் அடிக்கும். அத்தான் வீட்டு பேஸ்மென்ட் தோதான இடம்.

இனி தேன். இனிக்காது. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சீனி, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், அந்தச் சீனியும் பெரும்பாலும் குளுக்கோஸ், பிரக்டோஸ், ஈஸ்ட்டுக்கு அல்வா மாதிரி, ஒன்றும் மிச்சம் வைக்காது. இனிப்பும் உடம்பும் பியருக்குக் கிடைப்பது மோல்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் தங்குகிற சர்க்கரைகளிலிருந்து. அத்தான் சொல்கிறபடி 2 கிலோ ஊற்றினால் மொத்தச் சீனியில் பாதிக்குக் கிட்ட தேனிலிருந்து வரும்; ஏழரை சதவீதத்தைத் தாண்டிய, வாயில் தண்ணீர் போலப் போகிற, ஆனால் தலையில் நன்றாக ஏறுகிற ஒன்று கிடைக்கும். ஒரு மணித்தியாலம் கொதித்தால் தேனின் மணமும் ஆவியோடு போய்விடும். விலை கொடுத்து வாங்கிய தேனைச் சீனியாக்கிப் போட்டது போலத்தான் முடியும்.

அதனால் தேனை 500 கிராமாகக் குறையுங்கள், கடைசியில் போடுங்கள். மசாலாவையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் பெல்ஜியத்து வெள்ளைப் பியருக்குரியவை, அது வேறு சாதி, கறுவாவும் இஞ்சியும் வந்தால் தேன் இருந்ததே தெரியாது.

நான் சொல்கிற கணக்கு இது. 20 லீற்றருக்கு கோதுமை மோல்ட் தூள் 2 கிலோ, தேன் 500 கிராம், ஹாலர்டாவ் என்கிற ஜெர்மன் வகை ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற கொடிப் பூ) 25 கிராம், 11 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பக்கெட். தூளில் கோதுமையோடு பார்லியும் கலந்தேதான் வரும், பயப்பட வேண்டாம், ஜெர்மனியிலேயே கோதுமை பியர் என்று சொல்லப் பாதி கோதுமை மோல்ட் இருந்தால் போதும். முழுத் தானியத்தை ஊறவைத்துச் சாறு எடுக்கும் வேலைக்கு இப்போது போகாதீர்கள். கோதுமைக்கு உமி கிடையாது, வடிக்கும்போது கூழாகி அடைத்துக்கொள்ளும்.

பெரிய பானையில் 10 லீற்றர் தண்ணீரைச் சுட வைத்து, கொதிக்கும் முன் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதித் தூளைக் கொட்டிக் கிண்டுங்கள். தூள் பக்கெட்டைப் பானைக்கு நேர் மேலே பிடித்துச் சாய்த்தால் ஆவி பட்டு வாயிலேயே கட்டிபிடித்துவிடும், ஒரு காய்ந்த பாத்திரத்தில் எடுத்து ஒரே வீச்சில் கொட்டுவது நல்லது. மறுபடி அடுப்பு. முதல் கொதியில் நுரை பால் பொங்குகிற வேகத்தில் எழும், கோதுமையின் புரதம் அப்படி, பக்கத்தை விட்டு நகராதீர்கள். நுரை அடங்கியதும் ஹொப்ஸ் போட்டு ஒரு மணித்தியாலம். முடிவுக்குப் பத்து நிமிடம் இருக்க மீதித் தூள். அடுப்பை அணைத்து, கொதி முற்றாக அடங்கிய பிறகு தேன். தேன்போத்தலை முன்பே வெந்நீரில் நிற்க வைத்திருந்தால் இளகி ஒழுகும், ஊற்ற ஊற்ற அடிவரை கிண்டவேண்டும், இல்லாவிட்டால் சூடான பானையின் அடியில் போய் உட்கார்ந்து கருகும்.

பிறகு பானையை ஐஸ் தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, வாளிக்கு மாற்றி, குளிர்ந்த தண்ணீரால் 20 லீற்றராக்குங்கள். ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கிற குளோரமைன் உண்டு, கொதித்தாலும் லேசில் போகாது, பியரில் ஆஸ்பத்திரி மணத்தைக் கொண்டுவரும். காய்ச்சும் சாமான் விற்கிற கடையில் அதை முறிக்கிற கேம்டன் வில்லை கிடைக்கும், ஒரு வில்லையில் கால் பங்கைப் பொடித்து முழுத் தண்ணீரிலும் முதலிலேயே கலந்துவிட்டால் சரி. 20 பாகைக்கு வந்ததும் ஈஸ்ட். கொதித்து முடிந்த பிறகு இந்தச் சாற்றில் படுகிற ஒவ்வொன்றும், கரண்டி, குழாய், மூடி, கை உட்பட, கிருமி நீக்கியில் தோய்ந்திருக்கவேண்டும். கள்ளு தானாகக் காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட்டில் புளிக்கும், அந்தப் புளிப்பும் நமக்குப் பிடிக்கும். பியரில் நாம் போட்ட ஈஸ்ட் மட்டும்தான் வேலை செய்யவேண்டும்.

எந்த ஈஸ்ட் என்பதில் மட்டும் ஆளுக்காள் சண்டை. பவேரிய கோதுமை ஈஸ்ட் வாழைப்பழ மணமும் கராம்பு மணமும் தரும், அருமைதான், ஆனால் அரைக் கிலோத் தேன் அதனோடு போட்டிபோட முடியாது. தேன் தெரியவேண்டும் என்றால் ஏல் வகைப் பியருக்கான, மணம் குறைந்த அமெரிக்க ஈஸ்ட் வாங்குங்கள். நான் அந்தக் கட்சி. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி 1.045 அளவில் இருக்கும், நொதித்து முடிய 1.009க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், மதுசாரம் 4.7 சதவீதம் அளவு.

கேள்வி: மெல்பேர்னில் இருக்கிற மகன் இதே மாதிரித் தேன் பியர் செய்து, கராஜில் இரண்டு போத்தல் வெடித்துவிட்டது. தேன்தான் காரணமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: தேன் பாதி, அவசரம் பாதி அம்மா. ஈஸ்ட்டுக்குத் தேவையான நைதரசன் தேனில் மிகக் குறைவு, தேன் கூடினால் நொதித்தல் கடைசியில் இழுபடும். மேலே குமிழி நின்றுவிட்டது என்று போத்தலில் அடைத்தால், மிச்சச் சீனி உள்ளே நொதித்து அமுக்கத்தை ஏற்றும். குமிழியை நம்பக்கூடாது, அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவைக் காட்டினால்தான் முடிந்தது என்று அர்த்தம். போத்தலுக்குப் போகும்போது 20 லீற்றருக்கு 130 கிராம் சாதாரணச் சீனி, தராசில் நிறுத்து, கொஞ்சத் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சேர்க்கட்டும், கரண்டிக் கணக்கும் தேனும் வேண்டாம். ஈஸ்ட் பக்கெட்டில் டபிள்யூ.பி. 06 என்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது மற்ற ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்னும் இனம், அதற்கு இன்னும் பொறுமை வேண்டும். மிச்சப் போத்தல்களை இன்றே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுக்கு ஊர்த் தேன் கொண்டுபோய்ப் போட்டால் விசேஷமா? கித்துள் பாணி?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல காட்டுத் தேன் என்றால் விசேஷம்தான், சீனிப்பாகு கலந்தது என்றால் பியரில் ஒரு மணமும் வராது. தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விடுவது எல்லாம் தேனைச் சோதிக்காது, தெரிந்த ஆளிடம் வாங்குவதைத் தவிர வழி இல்லை. நம் ஈரக் காற்றில் எடுக்கும் தேனில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மூடியைத் திறந்ததும் புஸ் என்று வந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது. இறங்குகிற நாட்டுச் சுங்கத்தில் சொல்லிவிட்டே கொண்டுபோங்கள், தேனுக்குக் கட்டுப்பாடு போட்ட இடங்கள் உண்டு. கித்துள் பாணி என் கணக்கில் தேனை விட மேல். அது கித்துள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தது, சீனி நொதித்துப் போனாலும் நிறமும் அந்தப் புகை கலந்த மணமும் பியரில் தங்கும். முதல் தடவைக்கு 300 கிராம் போதும், அதையும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

கேள்வி: தேன் போட்டது என்பதால் நீரிழிவுக்காரர் கொஞ்சம் குடிக்கலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தேனுக்காகச் சலுகை கிடையாது. மதுசாரம் சிலருக்கு, முக்கியமாக இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கிறவர்களுக்கு, சீனி அளவைச் சட்டென்று இறக்கிவிடும். வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: கோதுமை பியர் கலங்கலாக இருந்தால் கெட்டுவிட்டதா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: இல்லை, கோதுமையின் புரதமும் ஈஸ்ட்டும் தருகிற கலங்கல் அது. பவேரிய ஈஸ்ட் என்றால் போத்தலில் கடைசி இரண்டு விரல் அளவை மெல்லச் சுழற்றி, அடி மண்டியையும் சேர்த்து ஊற்றுவார்கள். மேலே சொன்ன அமெரிக்க ஈஸ்ட் என்றால் மண்டியைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள். புளித்த வினாகிரி மணம் வந்தாலோ மேலே வெள்ளைப் படலம் கட்டியிருந்தாலோ, அது வேறு கதை, கழுவுதொட்டியில் கொட்டிவிடுங்கள்.