ஹாஷ் செய்தும் கூட்டுறவு லாக் தர மறுப்பது ஏன்?

மறுப்பது நியாயம்தான். கூட்டுறவு நடத்தும் ஊர் மெஷ் வலையமைப்பின் (வீட்டுக்கு வீடு கைமாற்றும் வைஃபை) லாகை, அதாவது எந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற பதிவை, உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள். அதில் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவியின் அடையாள எண்) வெறும் ஷா-256 முறையில் ஹாஷ் செய்து, அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றித் தரச் சொல்கிறீர்கள். அது மறைப்பே இல்லை.

மேக் முகவரி 48 பிட். முதல் 24 பிட் தயாரிப்பாளர் குறியீடு, அதன் பட்டியல் பொதுவில் கிடக்கிறது. மீதி 24 பிட்டில் சுமார் 1.68 கோடி சாத்தியங்கள்தான். உங்கள் ரவுட்டர் முகவரியை ஹாஷ் செய்து, அதே குறியீட்டின் எல்லா முகவரிகளின் ஹாஷோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண லேப்டாப்பே ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடும். அதனால் கூட்டுறவிடம் இப்படிக் கேளுங்கள்:

1. ரகசியச் சாவியைக் கூட்டுறவே வைத்துக்கொண்டு, தங்கள் சர்வரில் எச்மேக் (ரகசியச் சாவி சேர்த்துச் செய்யும் ஹாஷ்) ஓட்டட்டும். சாவி உங்கள் கைக்கு வரவே கூடாது.
2. நேரத்தை மணிக்கணக்காகச் சுருக்கச் சொல்லுங்கள். 30 வீட்டு ஊரில் "இரவு 2:13" என்ற ஒரு வரி போதும், ஆளைக் காட்டிக்கொடுக்க.
3. தரவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தென்னாப்பிரிக்காவின் மங்கோசியில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் துணைநின்ற சென்சலேனி என்ற இணையத் திட்டத்தில் வலையமைப்பே ஊர்க் கூட்டுறவின் உடைமை.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு போலி முகவரி காட்டுகின்றன. ஒரே போன் பல ஹாஷாகத் தெரியலாம் என்பதால், ஹாஷை எண்ணி "பயனர்கள் இத்தனை பேர்" என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.