மறு: பொட்டலங்களை அடுக்கினால் கடை அலமாரி போலவே தெரிகிறது

வணக்கம். குடிபெயர்ந்த பெற்றோர் சேர்த்துவைத்த மளிகை உறைகளையும் டப்பாக்களையும் அடுக்கி ஒரு நிறுவல் (இடத்தில் பொருட்களை அமைத்துக் காட்டும் கலைப்படைப்பு) செய்திருக்கிறீர்கள், ஆனால் பார்ப்பவர்கள் "கடை மாதிரி இருக்கிறதே" என்று நகர்ந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பொருட்களில் குறையில்லை. அவற்றை நீங்கள் எதுவுமே செய்யவில்லை, அதுதான் சிக்கல்.

லூசியா ஹியெரோவைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கின் டொமினிக்கன் சமூகத்திலிருந்து வந்த கலைஞர். ஒளிபுகும் கடைப் பையை மிகப் பெரிதாக்கி, துணியில் அச்சிட்டுத் தைத்த பொருட்களை உள்ளே வைக்கிறார். அளவும் துணியும் மாறியதுமே சரக்கு போய் ஒரு குடும்பத்தின் உருவப்படம் வந்துவிடுகிறது.

எனக்கு இன்னும் பிடித்தது பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரேயின் வழி. எல்லோரும் 'ஆப்பிரிக்கத் துணி' என்று நம்பும் அந்த வண்ணத் துணி, மெழுகு தடவிச் சாயமேற்றும் இந்தோனேசிய பாத்திக் துணியைப் பார்த்து டச்சு ஆலைகள் அச்சிட்டு மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்த ஷோனிபாரே அதை லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தையில் வாங்கி, விக்டோரியா காலத்து உடைகளாகத் தைத்தார். அசல் எது, யாருடையது என்ற கேள்வியைத் துணியே கேட்டுவிடுகிறது.

உங்கள் உறைகளையும் திருப்பிப் பாருங்கள். எங்கே தயாரானது, யார் இறக்குமதி செய்தது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். 'நம் ஊர்ச் சரக்கு' வேறெங்கோ தயாராகியிருந்தால் விடாதீர்கள், முன்பக்கத்தை மறைத்துவிட்டு அந்தச் சிறிய எழுத்துகளைச் சுவரளவுக்குப் பெரிதாக்குங்கள். அப்புறம், பாதியையாவது குறைத்துவிடுங்கள். வீட்டார் கையெழுத்து உள்ள டப்பாக்கள் மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

மாற்றிய பிறகு படம் போடுங்கள்.