ஓ.எல்.லுக்குப் பிறகு எங்கே படிக்கலாம்? கேள்வி பதில்

கொழும்பில் மின்தொழில் கற்பிக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரிகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

கொட்டாஞ்சேனை: மகன் கணிதத்தில் சித்தியடையவில்லை. மருதானை டெக்கில் (தொழில்நுட்பக் கல்லூரியில்) எடுப்பார்களா?

கோர்ஸைப் பொறுத்தது அக்கா. 1893இல் தொடங்கிய இடம் அது; கைத்தொழில் கோர்ஸ்களில் சிலவற்றுக்கு நுழைவுத் தகைமை குறைவு. மகனைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். எந்த மொழியில் நடத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் நடக்கிற வகுப்பில் சேர்ந்துவிட்டு, பாதியில் நின்ற நம் பிள்ளைகள் பலர்.

வத்தளை: பல வருடமாக வயரிங் வேலை. சான்றிதழ் இல்லை. கட்டாரில் கேட்கிறார்கள். திரும்பவும் படிக்கவேண்டுமா?

தேவையில்லை தம்பி. முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. செய்த வேலைகளின் படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். மதிப்பீட்டாளர் அதைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். டிபி போர்டில் (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியில்) எர்த் வயரை எங்கே இணைக்கிறீர்கள், ஏன் என்று கேட்டால் வாயாலும் சொல்லத் தெரியவேண்டும். பழகிய கைகள் தடுமாறுவது அங்கேதான். தேறினால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ். மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை தொழிற்சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம்.

தெமட்டகொடை: வகுப்புக்கே வராதவருக்கும் எனக்கும் ஒரே சான்றிதழா? அநியாயம்.

தங்கச்சி, இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சான்றிதழ் சொல்வது ‘இவருக்கு இந்த வேலை தெரியும்’ என்பதை மட்டும். பதினாறு வயதில் அப்பாவை இழந்து சைட்டுக்குப் போன பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும்? நீங்கள் படித்த கோட்பாடு வீண்போகாது. மேல் மட்டங்களுக்குப் போகும்போது உங்களுக்கு அது கைகொடுக்கும்.

வத்தளை: வெயிலில் நின்று படித்ததும் படிப்புத்தானே?

ஆம் தம்பி. ஆனால் சோதனை கண்டிப்பாக நடக்கவேண்டும். காசு வாங்கிக்கொண்டு சோதனையில்லாமல் சான்றிதழ் தருகிறோம் என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தை: எந்த கோர்ஸ் நல்லது?

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பிள்ளைக்கு எதில் விருப்பம், என்ன பெறுபேறு, பகலில் வேலையா என்று எழுதுங்கள். தனியார் இடமென்றால் காசு கட்ட முன் பாருங்கள்: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவானால் மட்டும் போதாது, அந்தக் கோர்ஸுக்கும் தர அங்கீகாரம் வேண்டும்.

பம்பலப்பிட்டி: அமெரிக்காவில் கம்யூனிட்டி கொலிஜும் இதுதானா?

நோக்கம் நெருக்கம். 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய கம்யூனிட்டி கொலிஜ் இன்றும் நடக்கிறது. வேலை செய்பவர்களும் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் பகுதிநேரமாகப் படிக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். போகிறவர்கள் கவனம்: எந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று மாறப்போகும் பல்கலைக்கழகத்திடம் முன்பே கேளுங்கள்.

தெஹிவளை: எனக்கு 31 வயது, ஏ.எல். இல்லை.

நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போய் அடித்தளப் பாடநெறி பற்றி விசாரியுங்கள் அக்கா. வயது தடையே இல்லை.