மூவாயிரம் பேர் சேர்ந்த படிப்பில் குழுக்களை எப்போது, எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஏற்காடு, கொல்லிமலை, பழனிமலைக் காப்பி விவசாயிகளுக்காகச் சேலத்திலிருந்து எட்டு வார இணையவழிப் படிப்பு நடத்தவிருக்கிறோம். பதிவு 3,000-ஐத் தாண்டிவிட்டது. முதல் நாளே இருபது இருபது பேராகக் குழு பிரித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் நாளில் உங்கள் கையில் இருப்பது வெறும் பெயர்ப்பட்டியல்தான். இத்தகைய திறந்த படிப்புகளில் பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் இறுதிவரை வருவதில்லை. இருபது பேரில் நால்வர் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவர்களும் விரைவில் சோர்ந்துவிடுவார்கள். 2013-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கோர்செரா என்னும் இணையவழிப் படிப்புத் தளத்தில் நடத்திய ஒரு படிப்பில், ஏறத்தாழ 40,000 பேரையும் கூகுள் விரிதாளில் தாமே பெயர் எழுதிக் குழு சேரச் சொன்னார்கள். அதை அப்போது ஒரே நேரத்தில் 50 பேர்தான் திருத்த முடிந்தது என்பதால் குழப்பம் மிகுந்து, முதல் வாரத்திலேயே படிப்பு நிறுத்தப்பட்டது. அதன் பாடப்பொருளே இணையவழிக் கல்வியைத் திட்டமிடுவது எப்படி என்பதுதான்!

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்குத் தனிப்பணி மட்டும் கொடுங்கள். இரண்டு வாரப் பணிகளையும் அனுப்பியவர்களை மூன்றாம் வாரத்தில் ஐவர் ஐவராக நீங்களே பிரியுங்கள். மூவருக்குக் கீழே குறையும் குழு உடனே வேறொன்றுடன் இணைக்கப்படும் என்பதையும் அப்போதே அறிவித்துவிடுங்கள்.

உண்மையான உழைப்பு பணியை அமைப்பதில் இருக்கிறது. ‘காப்பித் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு பற்றி ஒரு கட்டுரை எழுதுக’ என்றால் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். 1971-இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்காக வகுத்த ஜிக்சா முறையில், பாடத்தின் ஒரு துண்டு ஒருவரிடம் மட்டுமே இருக்கும் என்பதால் யாரும் ஒதுங்கியிருக்க முடியாது. உங்கள் மாணவர்களிடம் அந்தத் துண்டு ஏற்கெனவே இருக்கிறது. அது அவரவர் தோட்டம். ஒவ்வொருவரும் ஐம்பது அராபிகா காப்பிச் செடிகளைப் பார்த்து, தண்டில் துளைப்பான் தாக்கியதைக் காட்டும் வரிவரியான தடிப்பு உள்ளவை எத்தனை என்று எண்ணி, அங்குள்ள நிழலின் அளவோடு குழுவில் வைக்கட்டும். வெயில் படும் தண்டையே வண்டு முட்டையிட நாடும் என்பதால், நிழல் மிகுந்த தோட்டமும் குறைந்த தோட்டமும் ஒரே குழுவில் இருக்குமாறு பிரித்தால்தான் ஒப்பிடுவதற்கு ஏதேனும் இருக்கும்.

மலையில் சிக்னலை நம்பி நேரலைக் கூட்டம் வைக்காதீர்கள். குரல்பதிவும் படமும் அனுப்ப மூன்று நாள் அவகாசம் போதும். மதிப்பெண்ணில் பாதியையாவது அவரவர் எண்ணிக்கைக்கு ஒதுக்குங்கள்.

வண்டு வெளிவரும் காலங்கள் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். படிப்பை ஆகஸ்ட் இறுதியில் தொடங்கினால், பாதித்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டிய செப்டம்பரிலேயே குழுப்பணியும் வந்துவிடும்.